பந்து கோட்டைத் தாண்டியது தோஹாவில், நாம் தோற்றது கவுகாத்தியில்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவருக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

2024 ஜூன் 11ஆம் தேதி இரவு, 2026 உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியின் இரண்டாம் சுற்றுக் கடைசி ஆட்டத்தில் இந்தியா கத்தாரிடம் 1-2 எனத் தோற்றபோது, தோஹாவின் ஜாசிம் பின் ஹமத் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்திய இந்தியர்களில் நானும் ஒருவன். குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். கத்தாரில் 11 வருடமாக ஏ.சி. மெக்கானிக். ஆட்டம் முடிந்த கையோடு இதை எழுதியிருந்தால் வெறும் வசவாகத்தான் இருந்திருக்கும். ஒரு வாரம் பொறுத்தேன். அந்த ஒரு வாரத்தில் நீங்கள் செய்த இரண்டு காரியங்கள்தான் என்னை எழுத உட்கார வைத்தன.

முதல் காரியம், பந்து கோட்டுக்கு வெளியே போன பிறகும் கத்தாருக்குக் கொடுக்கப்பட்ட கோலைப் பற்றிய புகார். ஃபிஃபாவின் தகுதிச்சுற்றுப் பொறுப்பாளருக்கும், ஆசியக் கூட்டமைப்பின் நடுவர் பிரிவுக்கும், ஆட்ட ஆணையருக்கும் எழுதினீர்கள். கண்காணிப்பில் நேர்ந்த பெரும் பிழையால் மூன்றாம் சுற்று பறிபோனது என்று அறிக்கை கொடுத்தீர்கள். இரண்டாவது, 17ஆம் தேதி பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சை நீக்கினீர்கள். பழியில் பாதி நடுவருக்கு, மீதி பயிற்சியாளருக்கு. உங்கள் பங்குக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தப் பங்கீட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று இரவு அந்த மைதானத்துக்கு வந்தவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கோடை மாதங்களில் காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்றரை வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் சைட் ஆட்களுக்கு இருட்டோடு இருட்டாகவே பஸ் வந்துவிடும். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆட்டம் பார்க்கப் போகிறவன் புதன்கிழமைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும். சனாயா தொழிற்பேட்டையில் எங்கள் அறையிலிருந்து நாலு பேர் கிளம்பினோம். நானும் என் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனும், மலப்புரத்துக்காரர் ஒருவர், முர்ஷிதாபாத்காரர் ஒருவர். கர்வா பஸ்ஸில் தொங்கி, மெட்ரோ மாறி, அல் சூடான் ஸ்டேஷனில் இறங்கினால் எஸ்கலேட்டர் முழுக்க நீலச் சட்டை. பாதிச் சட்டைகளின் முதுகில் 11ஆம் எண். நம் கேப்டன் சுனில் சேத்ரி ஐந்து நாளுக்கு முன்புதான் கொல்கத்தாவில் குவைத்தோடு ஆடி விடைபெற்றிருந்தார். ஆடப் போவதில்லை என்று தெரிந்தும் அவர் பெயரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. கத்தார் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டதால் இளம் பையன்களைத்தான் இறக்கியிருந்தார்கள். நம் பிரிவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம். நமக்கு 5 புள்ளி, குவைத்துக்கு 4. நாம் வென்றால் 8. பிறகு குவைத் என்ன செய்தாலும் 7தான். 37ஆம் நிமிடத்தில் பிரண்டன் பெர்னாண்டஸ் கொடுத்த பந்தை லாலியன்சுவாலா சாங்தே வலைக்குள் சேர்த்தபோது, ஐம்பது கிலோகூட இல்லாத அந்த முர்ஷிதாபாத்காரர் எண்பது கிலோ என்னைத் தூக்கிவிட்டார். இடைவேளையில் நாங்கள் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. இடம் மாறினால் ராசி போய்விடும் என்று ஒரு பயம்.

73ஆம் நிமிடம். நாங்கள் இருந்தது மறுமுனை. ஃப்ரீ கிக்கைக் கத்தாரின் யூசுஃப் அய்மன் தலையால் முட்டியது தெரிந்தது. நம் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து விழுந்து தடுத்தது தெரிந்தது. அதன் பிறகு நம் ஆட்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். பக்கத்து ஊர்ப் பையன், “மக்கா, அவுட்டு. கார்னர்” என்று சொல்லி உட்கார்ந்தேவிட்டான். அவன் உட்கார்ந்து முடிப்பதற்குள் கத்தார்காரர்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். என்ன நடந்தது என்பது திரும்பி வரும்போது மெட்ரோவில்தான் புரிந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் தன் போனை எங்களிடம் நீட்டினார். குர்பிரீத்தைத் தாண்டிப் பந்து கோட்டுக்கு வெளியே உருள்கிறது. அல் ஹாஷ்மி அல் ஹுசைன் அதைக் காலால் உள்ளே இழுக்கிறார். அய்மன் தட்டுகிறார். வீடியோவை நிறுத்திக் காட்டினார். பந்துக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் பச்சைப் புல் தெரிந்தது. பெட்டியில் யாரும் பேசவில்லை.

ஆகவே, நடுவர் செய்தது பிழையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நின்றதாக அர்த்தம். இதில் விளக்க உரைக்கு இடமில்லை. கொரிய நடுவர் கிம் வூ-சங்கும் அவருடைய துணை நடுவர்களும் அதைப் பார்க்கவில்லை, வீடியோவில் பார்த்துச் சொல்லும் விஏஆர் முறையும் அந்தச் சுற்றில் கிடையாது. நீங்கள் புகார் கொடுத்தது முழுக்க நியாயம். கொடுக்காமல் இருந்திருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் எழுதியிருப்பேன்.

ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கடற்கரையில் கோடே கிடையாது. குச்சியால் கீறுவோம், அடுத்த அலை அழித்துவிட்டுப் போகும். அவுட்டா இல்லையா என்பது யாருக்குக் குரல் பெரிது என்பதைப் பொறுத்தது. அதனால் அங்கே எட்டு வயதுப் பையனுக்கும் ஒன்று தெரியும்: பந்து எங்கே போனாலும், எதிராளி ஆடுவதை நிறுத்தும்வரை நீ நிறுத்தாதே. தோஹாவில் நம் தடுப்பாட்டக்காரர்கள் நின்றார்கள், கைதூக்கினார்கள், விசிலுக்குக் காத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அந்த இடத்தில் நானும் நின்றிருப்பேன். ஆனாலும் பார்த்தேன் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கோல் விழுந்த பிறகும் கணக்கு 1-1தான். 17 நிமிடம் பாக்கி, அதற்கு மேல் கூடுதல் நேரம் வேறு. ஒரு கோல் அடித்தால் அடுத்த சுற்று. அந்த 17 நிமிடத்தில் கோல் விழுந்தது, நம் வலையில். 85ஆம் நிமிடம், அஹ்மத் அல் ராவி. அதற்கு எந்தக் கோட்டையும் எந்த நடுவரையும் குற்றம் சொல்ல வழியில்லை. அதே இரவு குவைத் ஆப்கானிஸ்தானை 1-0 என வென்று 7 புள்ளியோடு மேலே போனது. நாம் 5 புள்ளியோடு வீட்டுக்கு வந்தோம்.

இப்போது உங்கள் அறிக்கையில் இல்லாத ஆட்டத்துக்கு வருகிறேன்.

மார்ச் 26, கவுகாத்தி. எதிரே ஆப்கானிஸ்தான். உலகத் தரவரிசையில் 158ஆம் இடம். சொந்த நாட்டில் ஆட முடியாமல் தங்கள் ‘சொந்த’ ஆட்டத்தையே சவூதியின் அப்ஹாவில் ஆடிய அணி. வழக்கமான வீரர்கள் பலர் தங்கள் கூட்டமைப்போடு சண்டை போட்டுக்கொண்டு வராத அணி. நம் பக்கமோ நம் ஊர், நம் கூட்டம், சேத்ரியின் 150ஆவது ஆட்டம் என்று மாலை மரியாதையெல்லாம் நடந்தது. 38ஆம் நிமிடத்தில் சேத்ரி பெனால்டியில் கோல் அடித்தார். 70ஆம் நிமிடத்தில் ரஹ்மத் அக்பரி சமன் செய்தார். 88ஆம் நிமிடத்தில் நாம் பெனால்டி கொடுத்தோம், ஷரீப் முகமது அடித்தார். 1-2.

அது ரமலான் மாதம். சைட்டில் ஒரு பாதி முடிந்த கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நோன்பு திறந்துவிட்டு வந்த முர்ஷிதாபாத்காரர் என் தோளுக்கு மேலாக எட்டி ஸ்கோரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். துக்க வீட்டில் செய்வது மாதிரி இருந்தது.

தயவுசெய்து அந்த இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவுகாத்தியில் நம் கோல் 38ஆம் நிமிடம், தோஹாவில் 37. கவுகாத்தியில் சமன் ஆனது 70ஆம் நிமிடம், தோஹாவில் 73. கவுகாத்தியில் கழுத்தில் விழுந்தது 88ஆம் நிமிடம், தோஹாவில் 85. இரண்டும் 1-2. ஒரே ஆட்டத்தை இரண்டு முறை தோற்றிருக்கிறோம். ஒன்றில் மட்டும் நடுவர் உதவி செய்தார்.

கவுகாத்தியில் வென்றிருந்தால் நமக்கு 3 புள்ளி கூடியிருக்கும். 5 என்பது 8 ஆகியிருக்கும். குவைத் 7. அதாவது தோஹாவில் அந்தத் திருட்டுக் கோலையும் வாங்கிக்கொண்டு, அல் ராவியின் கோலையும் வாங்கிக்கொண்டு, தோற்றுப் போயும், நாம் மூன்றாம் சுற்றுக்குப் போயிருப்போம். இது யூகம் இல்லை, நாலாம் வகுப்புக் கூட்டல். இந்தக் கூட்டலை உங்கள் துவாரகா அலுவலகத்தில் யாரும் போட்டுப் பார்க்கவில்லையா? போட்டுப் பார்த்தும் சொல்லாமல் விட்டீர்களா? எது என்றாலும் எனக்கு வருத்தம்தான்.

இழந்தது சின்ன இடமும் இல்லை. 48 அணி ஆடப்போகும் உலகக் கோப்பைக்கு ஆசியாவிலிருந்து எட்டு அணிகளுக்கு நேரடி இடம். அதற்கான மூன்றாம் சுற்றில் 18 அணிகள். நாம் ஒருபோதும் எட்டிப் பார்க்காத படி அது. அதில் கால் வைத்திருந்தால் 2027 ஆசியக் கோப்பைக்கும் நேரடியாகப் போயிருக்கலாம். இப்போது அதற்கும் தனியாகத் தகுதிச்சுற்று ஆட வேண்டும்.

கடைசி நேரத்தில் கவிழ்வது நமக்குப் புதிதில்லை. 2019 ஜனவரி 14, ஷார்ஜா. பஹ்ரைனோடு டிரா செய்திருந்தால் ஆசியக் கோப்பையில் அடுத்த சுற்று. 90 நிமிடம் தாங்கிவிட்டுக் கூடுதல் நேரத்தில் பெனால்டி கொடுத்து 0-1. அன்றைக்கும் இரவோடு இரவாகப் பயிற்சியாளர் விலகினார். அதோடு அந்தக் கதையும் மூடப்பட்டது. இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் 1948 லண்டன் ஒலிம்பிக். பிரான்ஸுக்கு எதிராக இரண்டு பெனால்டியை வீணடித்து, சாரங்கபாணி ராமன் அடித்த ஒற்றைக் கோலோடு, ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொன்று வாங்கித் தோற்றோம். ஸ்கோர்? அதே 1-2. 76 வருடமாக ஒரே பாடத்தில் ஃபெயில் ஆகிற பையனை வாத்தியாரை மட்டும் மாற்றி மாற்றிப் படிக்க வைக்கிறோம்.

ஏன் 70ஆம் நிமிடத்துக்குப் பிறகு நமக்கு இப்படி ஆகிறது? நான் மெக்கானிக், டாக்டர் இல்லை. ஆனால் ஒரு கம்ப்ரஸர் தினமும் ஒரே நேரத்தில் டிரிப் ஆனால் அன்றைக்கு டியூட்டியில் இருந்தவனைத் திட்டிவிட்டுப் போக மாட்டேன், திறந்து பார்ப்பேன். உடல் தகுதியா, பெஞ்சில் மாற்று ஆள் இல்லாததா, முன்னிலையில் இருக்கும்போது பந்தை வைத்துக்கொள்ளத் தெரியாததா? திறந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கோல் அடிக்கும் விஷயத்துக்கு அவ்வளவு ஆராய்ச்சியும் தேவையில்லை. இந்தத் தகுதிச்சுற்றில் 6 ஆட்டம், 540 நிமிடம், நம் கோல்கள் மூன்று. குவைத்தில் மன்வீர் சிங், கவுகாத்தியில் சேத்ரியின் பெனால்டி, தோஹாவில் சாங்தே. ஜனவரியில் இதே கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா என்று மூன்று ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட இல்லை. மூன்றுக்கும் ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். துணி துவைக்காமல் வந்தவர்கள், ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரு கோல், ஒரே ஒரு கோல் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று வந்தவர்கள்.

சேத்ரி 94 கோல் அடித்துவிட்டு 39 வயதில் போகிறார். அவருக்குப் பின்னால் வரிசையில் யாரையும் காணவில்லை. ஏன் காணவில்லை என்பது ஊரறிந்த ரகசியம். இந்தியன் சூப்பர் லீக் தொடங்கி 10 பருவம் ஆகிவிட்டது. அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை 10 பருவத்திலும் வெளிநாட்டவர்தான் வாங்கியிருக்கிறார். எலானோ, மெண்டோசா, மார்செலின்யோ, இரண்டு முறை கோரோ, வால்ஸ்கிஸ், அங்குலோ, ஓக்பெச்சே, மவுரிசியோ, இந்த முறை டியமந்தாகோஸ். அவர்களில் மூன்று பேர் அதை வாங்கியபோது எங்கள் சென்னையின் எஃப்சி கிளப் சட்டையில் இருந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மெண்டோசா ஓடும்போது நானும் விசில் அடித்தவன். கிளப்புக்காக அடித்த விசிலுக்கான பில் தேசிய அணிக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு கிளப்பும் முன்னால் நின்று கோல் அடிக்கிறவனின் ஒன்பதாம் எண்ணை வெளிநாட்டவருக்குக் கொடுத்துவிட்டு நம் பையன்களை விங்கில் ஓட விடுகிறது. வாரா வாரம் விங்கில் ஓடுகிறவனை நாட்டுச் சட்டை போட்டதும் நடுவில் நின்று கோல் அடி என்கிறோம். கிளப்புகள் காசு போடுகின்றன, அவை அப்படித்தான் யோசிக்கும். நாட்டுக்காக யோசிக்க வேண்டியவர்கள் நீங்கள்.

கிளப்புக்கும் நாட்டுக்கும் நடுவே நடக்கும் இழுபறியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை. 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வீரர்களை விடமாட்டோம் என்று கிளப்புகள் இழுத்தடித்தன. கடைசியில் சேர்த்த அணி ஆட்டத்துக்கு முந்தைய நாள் போய் இறங்கி, மறுநாள் சீனாவிடம் 1-5 வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் நாம் தெற்காசியக் கோப்பையை வென்று தரவரிசையில் நூறுக்குள் நின்ற அணி. இந்த ஏப்ரலில் 121. ஒரு வருடத்துக்குள் இத்தனை படி இறங்குவதற்கு ஒரே ஒரு பயிற்சியாளர் மட்டும் காரணமாக இருக்க முடியுமா? அப்படியே அவர்தான் காரணம் என்று வைத்துக்கொண்டாலும், 2023 அக்டோபரில் அவர் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டிக் கையெழுத்துப் போட்டது யார்?

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. அக்கா மகன். எங்கள் ஊர்த் திருவிழாவில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியில் பதினைந்து வயதிலேயே பெரியவர்களோடு ஆடியவன். மணலில் ஓடி வளர்ந்த கால், இரண்டு காலும் பேசும். எங்கள் கரையிலிருந்து இந்திய அணிக்குப் போக முடியும் என்பது எங்களுக்கு வெறும் கனவு இல்லை. இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் போய் நாட்டுச் சட்டை போட்டதை எங்கள் கண்ணால் பார்த்தோம். அந்தத் தைரியத்தில்தான் இவனை ஒரு தேர்வு முகாமுக்கு அனுப்பினோம். எங்கே, யார் நடத்தியது என்று சொல்லப் போவதில்லை, சண்டை அதைப் பற்றியது இல்லை. பஸ்ஸில் ஒரு ராத்திரி, பகலில் வரிசையில் ஆறு மணி நேரம். நூற்றுக்கணக்கான பையன்கள், ஒரே மைதானம். இவனுக்குக் கிடைத்தது பத்து நிமிடம், அதுவும் தடுப்பாட்ட இடத்தில். இவன் ஸ்ட்ரைக்கர் என்று எழுதிக் கொடுத்த தாளை யாரும் பார்க்கவில்லை. “தகவல் சொல்லி அனுப்புவோம்” என்றார்கள். மூன்று வருடம் ஆகிறது. எடுக்கவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பையன் ஒரு நாள் அழுதுவிட்டு வேறு வழி பார்த்திருப்பான். தகவல் வரும் வரும் என்று அக்கா ஒரு வருடம் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். இப்போது அவன் அப்பாவோடு ஆழ்கடல் விசைப்படகில் போகிறான். கரைக்கு வருகிற நாளில் சாயங்காலம் ஆடுகிறான். இன்னும் நன்றாகத்தான் ஆடுகிறான்.

அவன் இருந்திருந்தால் தோஹாவில் 86ஆம் நிமிடத்தில் கோல் அடித்திருப்பான் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. ஆனால் ‘விஷன் 2047’ என்று 2023 ஜனவரியில் நீங்கள் வெளியிட்ட திட்டத்தில், சுதந்திரத்தின் நூறாவது ஆண்டுக்குள் ஆசியாவின் முதல் நாலு அணிகளில் ஒன்றாவோம் என்று இருக்கிறது. 2047இல் எனக்கு 62 வயது. கடலில் இருக்கும் இந்தப் பையனுக்கு 42. எங்கள் இருவருக்குமே அது மிகத் தூரம். 2047க்குப் போவதற்கு முன் 80ஆவது நிமிடத்தைத் தாண்டும் வழியைச் சொல்லுங்கள்.

நான் கேட்பவை இவை.

புகார்க் கடிதத்தின் முழு வாசகத்தையும், அதற்கு ஃபிஃபாவும் ஆசியக் கூட்டமைப்பும் தரும் பதிலையும், பதில் நமக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும், அப்படியே வெளியிடுங்கள். ‘கடும் கண்டனம்’ என்ற தலைப்புச் செய்தியோடு அது காணாமல் போய்விடக் கூடாது. ஆசியக் கூட்டமைப்பின் அடுத்த பேரவையில், இரண்டாம் சுற்றிலிருந்தே விஏஆர் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். எல்லா நாட்டு மைதானத்திலும் முடியாது என்பார்கள். அப்படியானால் கடைசிச் சுற்று ஆட்டங்களுக்காவது, அதுவும் இல்லையென்றால் இரண்டு கோல் கோட்டிலும் ஆளுக்கு ஒரு கூடுதல் துணை நடுவராவது வேண்டும் என்று கேளுங்கள். குவைத்தும் ஆப்கானிஸ்தானும்கூட உங்களோடு கைதூக்கும், நாளைக்கு அவர்களுக்கும் இது நடக்கலாம்.

ஆறு ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரு விசாரணை நடத்துங்கள். உங்கள் செயற்குழுவுக்கு வெளியே, இந்த நாட்டுக்காக ஆடிய முன்னாள் வீரர்கள் மூன்று பேரும், உடல் தகுதி அறிந்த மருத்துவர் ஒருவரும் அதில் இருக்கட்டும். கவுகாத்தியிலிருந்து தொடங்கட்டும். 70ஆம் நிமிடத்துக்குப் பிறகு நம் வீரர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு ஓடினார்கள், எந்த நிமிடத்தில் யாரை ஏன் மாற்றினோம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அறிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். மலையாளத்தில், வங்காளத்தில், மிசோவில், மணிப்புரியில், தமிழில் போடுங்கள். மைதானத்துக்கு வருகிறவர்கள் இந்த மொழிக்காரர்கள்தான்.

அடுத்த பயிற்சியாளரோடு கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கிளப்புகளோடு கையெழுத்துப் போடுங்கள். ஆண்டுக்கு எத்தனை நாள் முகாம், எந்தப் போட்டிக்கு எத்தனை நாள் முன்பு வீரர்களை விட வேண்டும், விடாவிட்டால் என்ன அபராதம் என்று தாளில் இருக்கட்டும். அந்தத் தாளையும் எங்களுக்குக் காட்டுங்கள். புதியவர் வந்து ஆறு மாதத்தில் “எனக்கு நாள் தரவில்லை” என்று சொல்வதைக் கேட்க எங்களுக்குத் தெம்பில்லை.

கிளப்புகள் ஆடும் சூப்பர் கோப்பையை நடத்துவது நீங்கள். அதில் ஒரே ஒரு பருவம், முன்வரிசையில் வெளிநாட்டவர் கிடையாது என்று விதி போட்டுப் பாருங்கள். கிளப்புகள் முணுமுணுக்கும், ஆட்டத்தின் வேகம் கொஞ்சம் குறையும், டிக்கெட்கூடக் குறையலாம். நாங்கள் பார்ப்போம். ஒன்பதாம் எண்ணில் நம் பையன்கள் பத்துப் பேர் ஒரு மாதம் ஆடுவதைப் பார்த்துவிட்டு, பிறகு வந்து இந்த நாட்டில் ஸ்ட்ரைக்கரே இல்லை என்று சொல்லுங்கள்.

உங்களோடு இணைந்த சங்கங்கள் எங்கே தேர்வு முகாம் நடத்தினாலும், வந்த பையனின் பெயரும், அவனைப் பார்த்த பயிற்சியாளரின் பெயரும், எத்தனை நிமிடம் எந்த இடத்தில் ஆடினான் என்பதும் பதிவாக வேண்டும். 30 நாளுக்குள் எடுத்தோம் அல்லது எடுக்கவில்லை என்று அவன் கைக்கு ஒரு தாள் வர வேண்டும். காரணம் ஒரு வரி போதும். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆள் அனுப்புங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் அனுப்பினால் நல்லது. அப்போதுதான் பையன்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள்.

2027 ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் நாம் முதல் ஆட்டம் ஆடுவதற்கு முன்பு அந்த விசாரணை அறிக்கை வெளிவர வேண்டும். அதற்கு ஒரு தேதி குறித்து இந்த மாத முடிவுக்குள் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
பிளாக் இல்லை, வரிசை இல்லை, மறுமுனையில் இருந்த ஒருவன்
தோஹா, ஜூன் 2024